தலைமையாசிரியரும் திரை விளையாட்டும்

விளையாடாத குழந்தை எந்த நாட்டிலும் இல்லை. நடக்கக் கற்பதற்கு முன்பே குழந்தை விளையாடக் கற்றுக்கொள்கிறது. நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்தபோது, ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்களைச் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல் என்று விளையாட்டுக்கே ஒதுக்கினர். பெண்பாற் பிள்ளைத்தமிழில் அம்மானையும் ஊசலும் அவ்வாறே இடம்பெற்றன. குழந்தை எதை வைத்து விளையாடுகிறது என்று குனிந்து பார்ப்பதைப் பெரும்புலவர்களும் தமக்கு இழிவாகக் கருதவில்லை.

இன்று சிறுதேர் கைப்பேசிக்குள் ஓடுகிறது. சிற்றிலும் கண்ணாடித் திரைக்குள்ளேதான் கட்டப்படுகிறது. பள்ளி விட்டு வீடு சேர்ந்த பிள்ளை, தாயின் கைப்பேசியை வாங்கிக்கொண்டு ஒரு மூலையில் அமர்கிறான். அவன் அங்கே யாரோடு விளையாடுகிறான், எதற்காக விளையாடுகிறான், வெற்றி பெற்றால் என்ன கிடைக்கும், தோற்றால் எதை இழப்பான் என்பவை வீட்டாருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. பள்ளியை நடத்தும் தலைமையாசிரியருக்காவது தெரிந்திருக்க வேண்டாவா? இந்த வினாவையே இக்கட்டுரை ஆராய்கிறது.

“வேண்டா” என்பாருடைய வாதத்தை முதலில் கேட்போம். அது புறக்கணிக்கத் தக்கதன்று. தலைமையாசிரியருக்கு மாணவர் சேர்க்கை, தேர்வு, வருகைப் பதிவு, கட்டடப் பழுது, ஆசிரியர் பற்றாக்குறை, மேலதிகாரிகள் கேட்கும் புள்ளிவிவரம் என்று வேலைக்கு மேல் வேலை. இவற்றுக்கிடையே சிறுவர் விளையாட்டுகளையும் கற்றுத் தேர்ந்து கொண்டிருக்க அவருக்கு ஏது நேரம்? மேலும் இவ்விளையாட்டுகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை. ஒன்றின் பெயரை நாம் மனத்தில் வாங்குவதற்குள் பிள்ளைகள் அடுத்ததற்குப் போய்விடுவார்கள். “கைப்பேசி கூடாது என்று ஒரு விதி செய்தால் போதும், விளையாட்டின் பெயர் எதுவாயிருந்தால் நமக்கென்ன?” என்று இவர்கள் கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் கடந்த சில ஆண்டுகளில் நம் நாட்டில் நடந்தவை இதற்கு வேறு விடை தருகின்றன. அவற்றுள் இரண்டை மட்டும் நினைவூட்டுகிறேன்.

2017ஆம் ஆண்டில் ‘நீலத் திமிங்கலம்’ என்னும் பெயர் நாடெங்கும் அச்சத்தைப் பரப்பியது. முகம் அறியாத ஒருவர் நாள்தோறும் ஒரு கட்டளையாக ஐம்பது நாள் கட்டளையிடுவார் என்றும், இறுதிக் கட்டளை உயிரையே கேட்கும் என்றும் பேசப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் இணைய நிறுவனங்களுக்கு எழுதி, அவ்விளையாட்டுக்கான இணைப்புகளை நீக்கச் சொன்னது. பள்ளிகளில் எச்சரிக்கைக் கூட்டங்கள் நடந்தன. பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. பின்னர், 2018 சனவரியில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் விடையளித்தபோது, ஆராயப்பட்ட நிகழ்ச்சிகளுள் எதுவும் அவ்விளையாட்டால் நேர்ந்தது என்று மெய்ப்பிக்கப்படவில்லை எனத் தெரிவித்தது.

இதில் நாம் கற்க வேண்டியது என்ன? கடையில் வாங்கும் பொருளைப் போலவோ கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் செயலியைப் போலவோ அப்படி ஒரு விளையாட்டு எங்கும் விற்கப்படவில்லை. திரை விளையாட்டு எப்படி இயங்குகிறது என்பதை ஓரளவு அறிந்தவர் இதை எளிதில் ஐயுற்றிருப்பார். அறியாதவர், கேட்டதை அப்படியே காலைக் கூட்டத்தில் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னார். அதுவரை அப்பெயரைக் கேட்டிராத பிள்ளைகளும் அன்று கேட்டனர். மாலையில் தேடிப் பார்த்தனர். எச்சரிக்கையே விளம்பரமாயிற்று. அதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று உண்டு. மனம் நொந்திருந்த ஒரு பிள்ளையிடம் “உனக்கு என்ன துயரம்?” என்று கேட்க வேண்டிய நேரத்தில், “நீ அந்த விளையாட்டை விளையாடினாயா?” என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது நிகழ்ச்சி பப்ஜியின் கதை. 2018இல் கைப்பேசிக்கு வந்த இவ்விளையாட்டு ஓராண்டுக்குள் இந்தியச் சிறுவரையும் இளைஞரையும் பற்றிக்கொண்டது. 2019 சனவரி 29 அன்று தில்லி தால்கட்டோரா அரங்கில் தேர்வு பற்றிப் பிரதமர் மாணவரோடு உரையாடினார். தம் மகன் இணைய விளையாட்டில் மூழ்கிவிட்டதாக ஒரு தாய் முறையிட்டபோது, பப்ஜி விளையாடுகிற பிள்ளையா என்று பிரதமர் திருப்பிக் கேட்டார். அரங்கிலிருந்த மாணவர் கூட்டம் சிரித்து ஆரவாரம் செய்தது. தங்கள் உலகத்துப் பெயர் ஒன்றைப் பெரியவர் ஒருவர் வாயால் கேட்ட மகிழ்ச்சி அது. அடுத்த இரண்டு மாதங்களுக்குள், அவ்வாண்டு மார்ச்சில், குசராத்து மாநிலத்து இராசகோட்டில் காவல்துறை அதே விளையாட்டைத் தடைசெய்தது. தடையை மீறி விளையாடியதாக மாணவர் உட்படச் சிலர் கைது செய்யப்பட்டனர்.

பிறகு 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 செயலிகளைத் தடைசெய்தபோது பப்ஜியும் அவற்றுள் ஒன்றாயிற்று. பெற்றோர் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர். ஆனால் அத்தடை குழந்தைகளின் நலம் கருதி வந்ததன்று. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு ஆகியவற்றைக் காரணங்காட்டி வந்தது. எனவே 2021 சூலையில் அதே விளையாட்டு ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ என்ற புதுப்பெயரோடு திரும்பி வந்தது. 2022 சூலையில் அதுவும் கடைகளிலிருந்து மறைந்தது. 2023 மே மாதத்தில் மறுபடியும் வந்தது. இதற்கிடையே, 2022 பிப்ரவரியில் ‘ஃபிரீ ஃபயர்’ தடைசெய்யப்பட்டது. ஆனால் அதன் உடன்பிறப்பான ‘ஃபிரீ ஃபயர் மேக்ஸ்’ நின்று நிலவியது. பிள்ளைகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி விளையாடிக்கொண்டே இருந்தனர். “அரசாங்கம் தடைசெய்துவிட்டது, இனி நமக்குக் கவலையில்லை” என்று இருந்த பள்ளியும், பெயரைச் சொல்லித் தடைவிதித்த பள்ளியும் ஒருங்கே ஏமாந்தன.

இவ்வாறு ஏமாறுவதால் வரும் கேடு என்ன என்பதை நானே கண்டேன். கல்வியியல் பட்டப் படிப்பின் பயிற்சிக்காகச் சில ஆண்டுகளுக்கு முன் இத்தலைநகரில் ஒரு பள்ளிக்குச் சென்றிருந்தேன். பள்ளியின் பெயர் இங்கே வேண்டா. ஒருநாள் காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியர், “இப்பள்ளியில் பப்ஜி விளையாடுகிறவன் எவனாயினும் பெற்றோரை அழைத்து வர வேண்டும்” என்று முழங்கினார். வரிசையில் மெல்லிய சிரிப்பு ஒன்று ஓடியது. அப்போது பப்ஜி தடைசெய்யப்பட்டு ஈராண்டு ஆகியிருந்தது. அது அவருக்குத் தெரியாது. பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த வாரம் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. வந்த அன்று முகம் வாடியிருந்தது. தலைமையாசிரியர் அவனை அறைக்கு அழைத்து, “பப்ஜி விளையாடினாயா?” என்று கேட்டார். “இல்லை, ஐயா” என்றான். அவன் சொன்னது பொய்யன்று, முழு உண்மை. விசாரணை அதோடு முடிந்தது.

உண்மையில் நடந்தது இது. அவன் தாய் தையல் வேலை செய்து சேர்த்துவைத்திருந்த பணத்திலிருந்து, அவள் கைப்பேசியின் இரகசிய எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு, பத்து நாட்களில் நாலாயிரம் ரூபாய்க்கு மேல் செலவழித்திருந்தான். எல்லாம் ஃபிரீ ஃபயர் மேக்ஸில் ஒரு சுழற் சக்கரத்தைச் சுற்றுவதற்காக. அதில் அவன் எதிர்பார்த்தது ஒரு துப்பாக்கியின் வண்ணத் தோற்றம். அது விழவே இல்லை. வாடகைக்குப் பணம் எடுக்கப் போன தாய் கணக்கைப் பார்த்துத் திகைத்தாள். வங்கியில் ஏதோ மோசடி என்று எண்ணி அலைந்துகொண்டிருந்தாள். மகன் வாய் திறக்கவில்லை. வீட்டை விட்டு எங்காவது போய்விடலாமா என்றுகூட எண்ணிக்கொண்டிருந்தான்.

இதை வெளிக்கொணர்ந்தவர் உடற்பயிற்சி ஆசிரியர். மைதானத்தின் ஓரத்தில் தனியே அமர்ந்திருந்தவனிடம் சென்று, “இப்போது எந்தத் தகுதியில் இருக்கிறாய்? வைரத்துக்கு எவ்வளவு போட்டாய்?” என்று மட்டுமே கேட்டார். பையன் தேம்பி அழுதான். பிறகு அனைத்தையும் சொன்னான். அன்று மாலையே ஆசிரியர் அவனோடு வீட்டுக்குச் சென்றார். தாயிடம் அவனையே சொல்ல வைத்தார். இரகசிய எண்ணை மாற்றச் செய்தார். போன பணம் திரும்பவில்லை. பிள்ளை திரும்பி வந்தான்.

ஒரே பையனிடம் இருவர் கேட்டனர். ஒருவர் கேள்விக்கு ‘இல்லை’ என்ற விடை கிடைத்தது; மற்றவர் கேள்விக்கு உண்மை கிடைத்தது. இருவரும் அன்பு உள்ளவர்களே. ஒருவருக்கு விளையாட்டைப் பற்றித் தெரிந்திருந்தது, மற்றவருக்குத் தெரிந்திருக்கவில்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

எனவே தலைமையாசிரியர் அறிந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. எதை அறிய வேண்டும் என்பதுதான் அடுத்த வினா. விளையாட்டுகளின் பெயர்ப்பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பெயர்கள் மாறும்; அமைப்பு எளிதில் மாறுவதில்லை. எந்த விளையாட்டானாலும் நான்கு கேள்விகளுக்கு விடை தெரிந்தால், அதன் இயல்பு முழுவதும் தெரிந்துவிடும்.

முதற் கேள்வி: இது எப்போது முடிகிறது? பப்ஜி வகை விளையாட்டில் நூறு பேர் வானிலிருந்து ஒரு தீவில் குதிக்கிறார்கள். பாதுகாப்பான வட்டம் நேரம் ஆக ஆகச் சுருங்குகிறது. கடைசியில் எஞ்சும் ஒருவரோ ஓர் அணியோ வெற்றி பெறும். ஓர் ஆட்டம் ஏறக்குறைய அரைமணி நேரம் ஓடலாம். ஃபிரீ ஃபயரில் ஐம்பது பேர்; பத்து நிமிடத்தில் முடியும். நால்வர் சேர்ந்த அணியில் ஆடும் பிள்ளை இடையில் எழுந்தால் மற்ற மூவரையும் கைவிட்டவனாகிறான். “சாப்பிட வா” என்று தாய் அழைக்கும்போது அவன் எழாததற்கு இதுவும் ஒரு காரணம். இதை அறிந்த பெரியவர், “இந்த ஆட்டம் முடிந்ததும் எழு, அடுத்ததைத் தொடங்காதே” என்பார். அவன் கேட்பான். அறியாதவர் கைப்பேசியைப் பிடுங்குவார், பகை வளரும். நாள்தோறும் வந்தால் ஒரு பரிசு, ஒருநாள் தவறினால் முதலிலிருந்து தொடக்கம் என்ற ஏற்பாடும் பல விளையாட்டுகளில் உண்டு. தேர்வுக் காலத்திலும் பிள்ளை “ஐந்தே நிமிடம்” என்று ஏன் கெஞ்சுகிறான் என்பது இதனால் விளங்கும்.

இரண்டாங் கேள்வி: பணம் எந்த வழியாகப் போகிறது? இவ்விளையாட்டுகள் பெரும்பாலும் இலவசமாகவே வருகின்றன. உள்ளே நுழைந்த பின்னர்தான் கடை திறக்கிறது. ரூபாய் அங்கே வைரமாகவும், ‘ரோபக்ஸ்’ போன்ற வேறு நாணயமாகவும் மாறுகிறது. மாறிய பின் அதன் உண்மை மதிப்பு குழந்தைக்கு மறந்துபோகிறது. நேரே விலை சொல்லி விற்பது ஒருவகை. என்ன கிடைக்கும் என்று சொல்லாமல் பெட்டியைத் திறக்கச் செய்வதும் சக்கரத்தைச் சுற்றச் செய்வதும் மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகையைச் சூதாட்டத்துக்கு ஒப்பானது என்று கருதி, 2018இல் பெல்சிய நாட்டு அதிகாரிகள் தம் சட்டத்துக்கு மாறானது என்று அறிவித்தனர். சூது என்று தனி அதிகாரமே வகுத்த வள்ளுவரின் நாட்டிலிருந்து வந்த நமக்கு இதன் இயல்பை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

மூன்றாங் கேள்வி: உள்ளே யார் யார் இருக்கிறார்கள்? தனியே ஆடும் புதிர் விளையாட்டுக்கும், முகமறியாத நூறு பேரோடு பேசிக்கொண்டே ஆடும் விளையாட்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை உண்டு. ‘ரோப்லாக்ஸ்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் தொடங்கிய அது ஒரே விளையாட்டன்று. பயன்படுத்துவோரே செய்து வைத்த எண்ணற்ற விளையாட்டுகள் கூடிய பெருஞ்சந்தை. சந்தையில் நல்ல கடையும் உண்டு, தீய கடையும் உண்டு. “என் மகள் ரோப்லாக்ஸ் ஆடுகிறாள்” என்று பெற்றோர் சொன்னால், “அதில் எதை ஆடுகிறாள்? யாரோடு பேசுகிறாள்? விளையாட்டை விட்டு வேறு செயலிக்கு வந்து பேசும்படி யாரேனும் அழைத்ததுண்டா?” என்று கேட்கத் தெரிந்தவரே அவர்களுக்குத் துணையாக முடியும்.

நான்காங் கேள்வி: இது எந்த வயதினருக்கு உரியது? அமெரிக்காவில் 1994 முதலும் ஐரோப்பாவில் 2003 முதலும் விளையாட்டுகளுக்கு வயது குறிக்கும் முறை நடைமுறையில் உள்ளது. நம் கைப்பேசிக் கடைகளிலும் ஒவ்வொரு விளையாட்டின் கீழும் வயதுக் குறிப்பு அச்சிட்டாற்போல் காணப்படுகிறது. 2023இல் திரும்பி வந்த பேட்டில்கிரவுண்ட்ஸ், 18 வயதுக்குட்பட்டோர் நாளொன்றுக்கு 3 மணி நேரமே ஆடலாம் என்று வரையறை செய்தது. ஆனால் பிள்ளை தன் வயதைக் கூட்டிச் சொன்னாலோ, தந்தையின் பெயரில் புகுந்தாலோ அவ்வரையறையால் என்ன பயன்? நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பெரியோருக்கான விளையாட்டைப் பற்றி உணவு வேளையில் பேசிக்கொண்டிருந்தால், அது தலைமையாசிரியர் காதில் விழ வேண்டிய செய்தி.

தீமையை மட்டும் தேடுவதற்காக அறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நன்மையைப் பாராட்டவும் அறிவு வேண்டும். 2011இல் முழுவடிவில் வெளிவந்த ‘மைன்கிராஃப்ட்’ இக்காலத்துச் சிற்றில் என்றே சொல்லத்தக்கது. குழந்தை அதில் கட்டை கட்டையாக அடுக்கி வீடும் பாலமும் கோட்டையும் எழுப்புகிறது. 2014இல் அதை வாங்கிய மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2016இல் பள்ளிகளுக்கென்றே ஒரு பதிப்பை வெளியிட்டது. இதனை ஆடும் பிள்ளையையும் இரவெல்லாம் சக்கரம் சுற்றும் பிள்ளையையும் “கைப்பேசிப் பைத்தியம்” என்று ஒரே சொல்லால் ஏசுவது, நூலகத்தில் இருப்பவனையும் சூதாட்டக் களத்தில் இருப்பவனையும் ஒன்றாக எண்ணுவது போன்றதாகும்.

மற்றொரு நிலையும் உண்டு. “நான் மின் விளையாட்டு வீரனாகப் போகிறேன்” என்று ஒன்பதாம் வகுப்பு மாணவன் சொல்கிறான். இதைச் சிரித்துத் தள்ள முடியாது. 2018 சகார்த்தா ஆசிய விளையாட்டில் மின் விளையாட்டு காட்சிப் போட்டியாக இடம்பெற்றபோது, இந்தியர் தீர்த் மேத்தா வெண்கலம் பெற்றார். 2023இல் நடந்த காங்சௌ ஆசிய விளையாட்டில் அது பதக்கப் போட்டியாகவே ஆயிற்று. ஆயினும் அந்நிலையை எட்டுவோர் மிகச் சிலரே. கிரிக்கெட்டு ஆடும் பிள்ளைகள் அனைவரும் நாட்டு அணியில் சேர்வதில்லை அல்லவா? இவ்விரு செய்திகளையும் அறிந்த தலைமையாசிரியர் சொல்லும் அறிவுரை அவன் செவியில் ஏறும். ஒன்றை மட்டும் அறிந்தவர் சொல் ஏறாது.

நோய் பற்றியும் ஒரு சொல். உலக சுகாதார நிறுவனம் ‘விளையாட்டுக் கோளாறு’ என்பதை நோய்ப்பட்டியலில் சேர்த்தது; அப்பட்டியல் 2019இல் ஏற்கப்பட்டு 2022 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு மூன்று அறிகுறிகள் கூறப்படுகின்றன: விளையாட்டைக் கட்டுப்படுத்த இயலாமை, வாழ்வின் பிற கடமைகளை எல்லாம் பின்தள்ளி விளையாட்டே முதன்மை பெறுதல், கேடு விளைவதைக் கண்டும் தொடர்தல். இந்நிலை பொதுவாக ஓராண்டளவு நீடித்தால்தான் நோய் என்று மருத்துவர் கருதுவர். ஆதலால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஆடிய பிள்ளையை நோயாளி என்று தூற்றக் கூடாது. அதே வேளையில், மெய்யாகவே சிக்குண்ட பிள்ளையைச் “சோம்பேறி” என்று திட்டி விட்டுவிடவும் கூடாது. பெங்களூர் நிம்கான்சு மருத்துவமனையில் இத்தகையோருக்கென 2014 முதல் தனி மருத்துவப் பிரிவு இயங்கி வருகிறது என்பதைப் பள்ளித் தலைவர் அறிந்திருந்தால், எங்கே வழிகாட்டுவது என்ற திகைப்பு நேராது.

“சட்டம் பார்த்துக்கொள்ளாதா?” என்று கேட்பார் உண்டு. சீன நாடு 2021இல் மிகக் கடுமையான விதி ஒன்றைச் செய்தது. 18 வயதுக்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே இணைய விளையாட்டு ஆடலாம் என்பது அவ்விதி. நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்துப் பணம் வெல்லும் இணைய ஆட்டங்களைத் தடுக்கிறது. மின் விளையாட்டையும் பொழுதுபோக்கு விளையாட்டையும் வளர்க்க விழைகிறது. அதற்கு முன்பே, 2021 டிசம்பரில், மத்தியக் கல்வி அமைச்சகம் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஓர் அறிவுரைக் குறிப்பை வெளியிட்டது. பெற்றோர் இசைவின்றி விளையாட்டினுள் பொருள் வாங்க விடாதீர்கள், பிள்ளை தன் உண்மைப் பெயரை வெளியிடாமல் புனைபெயரில் ஆடட்டும் என்பன போன்ற நல்ல செய்திகள் அதில் உள்ளன. சட்டம் வேலி போன்றது. வேலிக்குள் பயிர் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது உழவன் வேலை. அந்தத் தையற்காரத் தாயின் மகன் பணத்தை வெல்வதற்காக ஆடவில்லை. ஒரு வண்ணத்துக்காக ஆடினான். அதைக் கண்டுகொள்ளப் பக்கத்தில் ஒரு மனிதர் வேண்டியிருந்தது.

இனி, வேலைப் பளு மிக்க தலைமையாசிரியர் இதை எவ்வாறு அறிவது? வழி மிக எளியது: பிள்ளைகளையே கேட்க வேண்டும். பருவத்துக்கு ஒருமுறை ஒரு பாடவேளையை ஒதுக்கி, “நீங்கள் இப்போது ஆடும் விளையாட்டை எனக்கு விளக்குங்கள்” என்று சொன்னால் போதும். கணக்கில் வாய் திறவாத பையன் அன்று கரும்பலகையில் படம் வரைந்து விளக்குவான். மேலே சொன்ன நான்கு கேள்விகளையும் அவர்களையே எழுதி விடை காணச் செய்யலாம். அதை ஒரு தாளில் தொகுத்துப் பெற்றோர் கூட்டத்தில் படித்துக் காட்டலாம். கணினி ஆசிரியரோ உடற்பயிற்சி ஆசிரியரோ இதற்குப் பொறுப்பேற்கலாம். ஆண்டு முழுவதற்கும் இதற்கு ஆகும் நேரம் நான்கைந்து மணிக்கு மேல் இராது.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஒன்று, தலைமையாசிரியர் தாமும் ஓர் ஆட்டக்காரர் போல் வேடம் போடக் கூடாது. பிள்ளைகள் மொழியை அரைகுறையாகப் பேசும் பெரியவர் அவர்களுக்கு வேடிக்கைப் பொருளாவார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்டுக்கொள்வதே பெருமை. மற்றொன்று, கேட்டு அறிந்ததைக் கொண்டு ஒற்றாடக் கூடாது. இன்று நம்பிச் சொன்ன பிள்ளையை நாளை காலைக் கூட்டத்தில் நிறுத்தித் தண்டித்தால், மறுநாளிலிருந்து அந்தப் பள்ளியில் எவனும் எதையும் சொல்ல மாட்டான். “பணத்தை இழந்துவிட்டேன்” என்றோ, “யாரோ என்னை மிரட்டுகிறார்கள்” என்றோ தானே வந்து சொல்லும் பிள்ளைக்கு முதலில் உதவி, கண்டிப்பு பிறகுதான் என்பதைப் பள்ளியின் எழுதிய விதியாகவே வைக்கலாம்.

நண்பர்களே, இந்த மலரைப் படிக்கும் நம்மில் சிலர் நாளை ஆசிரியராவோம்; சிலர் பள்ளிகளையே நடத்துவோம். நாம் இன்று ஆடும் விளையாட்டுகள் அன்று பழங்கதையாகியிருக்கும். “எங்கள் காலத்து விளையாட்டே விளையாட்டு” என்று நாமும் சொல்லத் தொடங்குவோம். அந்நாளில் ஓரமாக அமர்ந்திருக்கும் ஒரு பையனைக் காண நேர்ந்தால், அந்த உடற்பயிற்சி ஆசிரியரை நினைத்துக்கொள்வோம். அவர் ஃபிரீ ஃபயரில் வல்லவர் அல்லர். ஓய்வு நேரத்தில் பிள்ளைகள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டு வந்தவர், அவ்வளவே. அதனால்தான் அன்று அவருக்குச் சரியான கேள்வி தெரிந்திருந்தது.